முந்தி முளைத்த புல்



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் பூமி சூடாவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நீங்களும் இதே சுவரில் நின்று படித்திருப்பீர்கள். அதில் ஒரு பத்தி இப்படிப் போகும். சூடு கூடினால் நமக்குத்தான் கஷ்டம், வட துருவத்துப் பிராணிகளுக்குக் கொண்டாட்டம். அங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் பனி. பனி சீக்கிரம் உருகினால் புல் சீக்கிரம் முளைக்கும், மானுக்கு வயிறு நிறையும், இதில் என்ன கெட்டுப் போச்சு என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன். அதைப் படித்தபோது எனக்கும் சரிதானே என்றுதான் பட்டது. காலை வணக்கக் கூட்டத்தில் அந்தக் கட்டுரைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்ற பத்திகளோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த ஒரு பத்தி தப்பு. ஏன் தப்பு என்று எழுதத்தான் டீச்சரிடம் கேட்டு இந்தத் தாளை வாங்கினேன். அறிவியல் டீச்சர் ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று நாள் மதிய இடைவேளை அதிலேயே போனது.

முதலில் இடம். வகுப்பில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் மேலே இடது பக்கம் பெரிதாக வெள்ளையாக ஒன்று இருக்கிறதே, அதுதான் கிரீன்லாந்து. பெயரில்தான் பச்சை. ஐந்தில் நாலு பங்கு பனிக்கட்டி. அதன் மேற்குப் பக்கம் கங்கெர்லுசுவாக் என்று ஓர் ஊர் (நான் நாலு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் வாயில் நுழைந்தது). அந்தப் பக்கத்தில் கடலுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் நிலம் இருக்கிறது. அங்கே நம் ஊர் மாதிரி மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு வில்லோ, பிர்ச் என்று குட்டைச் செடிகள், புல், பாசி, பாறையில் ஒட்டி வளரும் லைக்கன், அவ்வளவுதான். அங்கே வாழ்கிறது துருவ மான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் தாத்தாவின் வண்டியை இழுக்குமே அந்த ரெயின்டீர் சாதிதான். அமெரிக்காவில் கரிபூ என்பார்கள். மான் சாதியிலேயே பெண்ணுக்கும் கொம்பு இருப்பது இதற்கு மட்டும்தான். இது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது, அதனால் கட்டுரைக்குத் தேவை இல்லாவிட்டாலும் எழுதிவிட்டேன்.

இந்த மான்கள் அக்டோபர் மாதம் இணை சேரும். ஏழரை மாதம் வயிற்றில் சுமக்கும். மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் குட்டி போடும். குளிர்காலம் முழுக்கப் பனியைக் காலால் தோண்டி லைக்கனைத் தின்று காலத்தை ஓட்டிய தாய் மான்கள், வசந்தம் வந்ததும் கடற்கரைப் பக்கத்தில் இருந்து உள்நாட்டுக்கு நடந்து வரும். ஏன் அவ்வளவு தூரம் நடந்து வந்து அங்கே போய்க் குட்டி போட வேண்டும்? புதுத் தளிருக்காகத்தான்.

தளிர் என்றால் சும்மா இல்லை. நம் வீட்டில் முருங்கைக் கீரையைக் கொழுந்தாகப் பறித்தால் ஒரு கொதியில் வெந்துவிடும். அதே கீரை முற்றிப் போனால் மென்று துப்ப வேண்டியதுதான். அங்கேயும் அப்படியே. மண்ணை விட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் அந்தச் செடிகளில் புரதம் அதிகம், நார் குறைவு. அப்புறம் நாளுக்கு நாள் நார் ஏறிவிடும். குட்டி பிறந்த முதல் சில வாரங்களில்தான் தாய்க்குப் பால் அதிகமாகச் சுரக்க வேண்டும். தாய்க்கு அதிகம் தேவைப்படும் வாரமும் செடியில் சத்து அதிகமாக இருக்கும் வாரமும் ஒன்றாக விழுந்தால் குட்டி பிழைக்கும். பனி பிரதேசத்தில் கோடை ரொம்பச் சின்னது. இந்த வாரம் விட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே அங்கே இல்லை.

இனிதான் விஷயம். செடி எப்போது முளைப்பது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறது? சூட்டைப் பார்த்து. பனி உருகி மண் சூடானால் முளைத்துவிடும். மான் எப்போது குட்டி போடுவது என்பது எதனால் முடிவாகிறது? வெளிச்சத்தால். இலையுதிர் காலத்தில் பகல் குறையக் குறைய அதன் உடம்பு இணை சேரும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறது. அக்டோபரில் இணை சேர்ந்துவிட்டால் குட்டி போடும் நாள் கிட்டத்தட்ட அப்போதே எழுதியாகிவிட்டது. பூமி எவ்வளவு சூடானாலும் அக்டோபர் மாதப் பகலின் நீளம் மாறவே மாறாது, அது சூரியன் கணக்கு. அடுத்த மே மாதம் சூடாக இருக்குமா குளிராக இருக்குமா என்று முந்தின அக்டோபரில் அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? நமக்கே தெரியாது.

ஆக இரண்டு பேரிடம் இரண்டு கடிகாரம். இதுவரை இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. இப்போது ஒன்று மட்டும் வேகமாக ஓடுகிறது.

எரிக் போஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1993 முதல் கங்கெர்லுசுவாக்குக்குப் போய் இதைக் கவனித்து வருகிறார். பெரிய மிஷின் எல்லாம் இல்லை. நிலத்தில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, அதில் எந்தச் செடி எந்தத் தேதியில் முளைத்தது என்று குனிந்து பார்த்து எழுதுவது. மான் கூட்டத்தைத் தூரத்தில் இருந்து பார்த்து எத்தனை தாயோடு எத்தனை குட்டி நிற்கிறது என்று எண்ணுவது. இதைத்தான் வருடா வருடம் செய்தார். 2008ஆம் ஆண்டு அவரும் மட்ஸ் ஃபோர்க்ஹாமர் என்பவரும் சேர்ந்து முடிவை வெளியிட்டார்கள். அந்த இடத்தில் வசந்த காலச் சராசரி வெப்பம் 4 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடியிருந்தது. செடிகள் முந்திக்கொண்டன. மான்களால் அதே வேகத்தில் முந்த முடியவில்லை. குட்டிகள் சாவது கூடியது, குட்டிகளின் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகக் குறைந்தது.

நாலில் ஒரு பங்கு என்றால் நம் வகுப்பில் நாற்பது பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேர். அண்ணன் சொன்ன கொண்டாட்டம் இதுதானா?

புல் இல்லாமல் குட்டிகள் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். புல் இருந்தது. முன்பைவிடச் சீக்கிரமாகவே இருந்தது. நம் பள்ளியில் ஒரு நாள் சத்துணவு காலை பத்து மணிக்கே தயாராகிவிட்டது, மணி மட்டும் வழக்கம்போல மதியம்தான் அடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் இருக்கும், சோறும் இருக்கும். ஆனால் சோறு விறைத்துப் போயிருக்கும். கணக்கு நோட்டில் எழுதினால் இத்தனை பேருக்கு உணவு வழங்கப்பட்டது என்றுதான் வரும். அண்ணனின் பத்தியில் உள்ள தப்பு இதே தப்புதான். எவ்வளவு புல் என்று கேட்டார், என்றைக்குப் புல் என்று கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் என் தோழி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு இடத்தில் புல் முற்றிப் போனால் என்ன, மானுக்குத்தான் நாலு கால் இருக்கிறதே, வேறு இடத்துக்கு ஓடிப் போய்த் தின்னலாமே என்றாள். நல்ல கேள்வி. மான்கள் அப்படித்தான் செய்து வந்தன. ஒரு மலையில் வெயில் படும் சரிவில் முதலில் பனி உருகும், நிழல் சரிவில் அப்புறம் உருகும், மேலே போகப் போக இன்னும் தாமதம். அதனால் பச்சை ஒரு அலை மாதிரி மெதுவாகப் பரவும். மான் அந்த அலையின் பின்னாலேயே நடந்து நடந்து ஒவ்வொரு இடத்திலும் தளிராகவே தின்னும். ஆனால் அதே கிரீன்லாந்தில் எரிக் போஸ்ட் குழுவினர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். சூடு கூடினால் செடி முந்தி முளைப்பது மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முளைத்துவிடுகிறது. நம் சொந்தக்காரர்கள் வீட்டில் நாலு கல்யாணம், நாலும் வேறு வேறு முகூர்த்தம் என்றால் நாலு நாளும் விருந்து சாப்பிடலாம். நாலும் ஒரே முகூர்த்தத்தில் வந்தால் ஒரு வீட்டில்தான் கை நனைக்க முடியும். அதுவும் நமக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் போச்சு. கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்து மலைகளில் பெருங்கொம்பு ஆடுகளைக் கவனித்தவர்களும் இதே மாதிரிதான் சொன்னார்கள். பச்சை வேகமாகப் பரவி முடிந்துவிடும் வருடங்களில் ஆட்டுக்குட்டிகள் வளர்வதும் குறைவு, பிழைப்பதும் குறைவு.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். எல்லா வருடமும் ஒரு வயலில் நடவு முடிந்து அடுத்த வயல், அது முடிந்து அடுத்தது என்று மூன்று நாலு வாரம் வேலை ஓடும். போன வருடம் முந்தியே மழை பெய்து எல்லோரும் ஒரே நேரத்தில் உழுதுவிட்டார்கள். ஒரே வாரத்தில் எல்லா வயலிலும் நடவு. அந்த வாரம் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். அம்மா எழுந்து உட்கார்ந்தபோது ஊரே பச்சைப் பசேல் என்று இருந்தது. பார்க்கிறவர்கள் இந்த வருடம் நல்ல மழை, நல்ல நடவு என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கடைக்காரரின் நோட்டில் கடன் ஏறியது. பச்சையாக இருக்கிறதே அப்புறம் என்ன கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அதே கங்கெர்லுசுவாக்கில் இன்னொரு பிராணியும் மேய்கிறது. கஸ்தூரி எருது. தரை வரைக்கும் முடி தொங்கும். 1960களில் வேறு பகுதியில் இருந்து கொண்டுவந்து விட்டார்களாம். ஒரே நிலம், ஒரே வெயில், ஒரே செடி. ஆனால் செடி முந்துவதால் கஸ்தூரி எருதுக்கு மான் அளவுக்குப் பாதிப்பு இல்லை. காரணம் என்ன தெரியுமா? அது பச்சை வருவதற்கு முன்பே கன்று போட்டுவிடும். முந்தின கோடையில் தின்று உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில் இருந்து பால் கொடுக்கும். மான் அப்படி இல்லை. அன்றைக்குத் தின்பதில் இருந்துதான் அன்றைக்குப் பால். ஒன்று குதிரில் நெல் வைத்திருக்கும் வீடு, மற்றது அன்றாடங்காய்ச்சி வீடு. நாள் தவறினால் குதிர் இருக்கும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. நான் எந்த வீட்டுப் பக்கம் பேசுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்கிறவர்களுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் சொன்னார்கள். பழகுகிறதா இல்லையா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்னக்கிள் வாத்து என்று ஒன்று. வாத்து என்றாலும் புல் மேயும். நெதர்லாந்து பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ரஷ்யாவின் வட துருவக் கரைக்குச் சுமார் 3000 கிலோமீட்டர் பறந்து போய் முட்டை இடும். போகும் வழியில் அங்கங்கே இறங்கி மேய்ந்து மேய்ந்துதான் போகும். இப்போது அங்கே பனி முந்தி உருகும் வருடங்களில் இவை என்ன செய்கின்றன என்றால், வழியில் இறங்கி மேய்வதைக் குறைத்துக்கொண்டு அவசர அவசரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. 2018இல் இதை எழுதியிருக்கிறார்கள். புத்திசாலிகள்தான், இல்லையா? ஆனால் வழியில் சாப்பிடாமல் வந்ததால் உடம்பில் தெம்பு இல்லை. போன உடனே முட்டை இட முடியவில்லை. அங்கேயே கொஞ்ச நாள் மேய்ந்து தேறிய பிறகுதான் இட முடிகிறது. கடைசியில் குஞ்சு பொரிவதற்குள் நல்ல புல் முடிந்துவிடுகிறது. ஓடி வந்தும் பஸ்ஸைத் தவறவிட்ட கதை. பழகிக்கொள்ள அவை முயற்சி செய்யாமல் இல்லை. உடம்புக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை எப்படித் தாண்டுவது?

இன்னொரு பறவையின் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆங்கிலத்தில் ரெட் நாட் என்பார்கள், நம் உள்ளான் சாதி. ரஷ்யாவின் டைமிர் தீபகற்பத்தில் முட்டை இட்டு, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவில் மௌரித்தானியா கடற்கரைக்குப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. டைமிரில் 33 ஆண்டுகளாகப் பனி வருடத்துக்கு அரை நாள் வீதம் முந்தி உருகி வந்திருக்கிறது. அரை நாள் என்றால் சின்னதாகத்தான் தெரியும். 33ஆல் பெருக்கிப் பாருங்கள், பதினாறரை நாள். பனி உருகியதும் செடி முளைக்கும், பூச்சிகள் வெளியே வரும். குஞ்சுகளுக்கு அந்தப் பூச்சிதான் சாப்பாடு. பூச்சி அதிகமாக இருக்கும் நாட்கள் முடிந்த பிறகு குஞ்சு பொரிந்தால் சரியாக வளராது. சரியாக வளராததால் உடம்பு சின்னதாகிறது, அலகும் குட்டையாகிறது. சரி, சின்னதாக இருந்தால் என்ன, பிழைத்துவிட்டதே என்று நினைப்போம். அங்கேதான் இருக்கிறது. இவை ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போய் மணலில் ஆழமாகப் புதைந்திருக்கும் சிப்பிகளை அலகை விட்டு எடுத்துத் தின்ன வேண்டும். அலகு குட்டையானால் எட்டாது. எட்டாததால் கடல் புல்லின் கிழங்கைத் தின்கின்றன. அதில் சத்து குறைவு. குட்டை அலகுக் குஞ்சுகளில் முதல் வருடத்தைத் தாண்டுபவை குறைவு என்று 2016இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. பனி உருகியது வட துருவத்தில். பட்டினி கிடப்பது ஆப்பிரிக்காவில். ஆப்பிரிக்காவில் நின்று பார்க்கிறவருக்கு இந்தப் பறவை ஏன் சாகிறது என்றே புரியாது.

"இதெல்லாம் எங்கேயோ நடக்கிறது, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் கொசு உள்ளான்கள் வட துருவப் பகுதியில் பிறந்தவைதான். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் உலக அளவில் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். நம் உப்பங்கழியில் ஓடி ஓடிப் பூச்சி கொத்தும் அந்தச் சின்னப் பறவைக்கும், எங்கேயோ பனி எந்தத் தேதியில் உருகுகிறது என்பதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் நமக்குச் சம்பந்தம் உண்டு என்று காட்டினால்தான் கவலைப்படுவோம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிரீன்லாந்து மான்குட்டி கோடியக்கரைக்கு வராதுதான். அதனால் அது சாவது பரவாயில்லை என்று ஆகிவிடுமா?

இப்போது நியாயமாக அண்ணன் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் என்னை ஒருதலைப்பட்சம் என்பார். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. நார்வே நாட்டுக்குச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள துருவ மான்களுக்கு வெப்பம் கூடியதால் லாபமும் இருக்கிறது. கோடையும் இலையுதிர் காலமும் நீண்டுவிட்டதால் அதிக நாள் மேய்கின்றன, எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அண்ணன் இந்தத் தீவை மட்டும் எழுதியிருந்தால் நான் இந்தத் தாளை எடுத்திருக்கவே மாட்டேன். அங்கேயும் ஒரு தொல்லை உண்டு. குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்து, அது உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் கீழே இருக்கும் தீனியைத் தோண்டி எடுக்க முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படி ஆகி 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. அவை நெனெட்ஸ் மக்கள் வளர்த்த மான்கள். நம் ஊரில் ஒருவர் வீட்டில் ஒரு ஆடு செத்தால் எவ்வளவு அழுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இது என் கட்சிக்கே கொஞ்சம் எதிர். கிரீன்லாந்தின் வடகிழக்கில் சாக்கன்பெர்க் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1996 முதல் 2005 வரை எழுதிய கணக்கை வைத்து, செடி பூப்பதும் பூச்சி வருவதும் பறவை முட்டை இடுவதும் பத்து ஆண்டுக்குச் சராசரியாக 14.5 நாள் முந்திவிட்டன என்று 2007இல் சொன்னார்கள். உலகமே ஆச்சரியப்பட்டது. அப்புறமும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வந்தார்கள். 25 ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வேறு மாதிரி சொன்னார்கள். இப்போது ஒரே பக்கமாக முந்திக்கொண்டே போகவில்லை, ஒரு வருடம் ரொம்ப முந்தி, ஒரு வருடம் ரொம்பப் பிந்தி என்று தாறுமாறாக இருக்கிறது என்றார்கள். 2018இல் அங்கே பனி மலையாகக் குவிந்து ரொம்பத் தாமதமாக உருகியது. சூடான காற்றில் ஈரம் அதிகம் நிற்கும், அதனால் பனியும் அதிகம் கொட்டலாம் என்று டீச்சர் விளக்கினார். அந்த வருடம் அங்கே பெரும்பாலான செடிகளும் பிராணிகளும் இனம் பெருக்கவே இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் பார்த்ததில் அப்படி ஒரு வருடம் இருந்ததே இல்லையாம்.

அப்படி என்றால் 2007இல் சொன்னது பொய்யா என்று என் தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து வருட நோட்டில் இருந்ததைப் பத்து வருட நோட்டு சொன்னது. இருபத்தைந்து வருட நோட்டில் இருந்ததை அது சொன்னது. நோட்டை மூடி வைத்திருந்தால் முதலில் சொன்னதையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்போம். கொண்டாட்டம் என்று எழுதுவதற்கு முன்னால் அண்ணன் கேட்டிருக்க வேண்டியது இந்த நோட்டைத்தான். கைதட்டுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு வெட்கம் வந்தது. கிரீன்லாந்தில் வில்லோ எந்தத் தேதியில் முளைத்தது என்று எனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கும் வேப்ப மரம் போன வருடம் எந்தத் தேதியில் பூத்தது என்று கேட்டுப் பார்த்தேன். வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தினமும் அதன் நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருத்தி பங்குனி என்றாள், ஒருத்தி சித்திரை என்றாள். வாட்ச்மேன் தாத்தா மட்டும் "இப்பல்லாம் முந்தியே பூக்குது பாப்பா" என்றார். எவ்வளவு முந்தி தாத்தா என்றால், "அதெல்லாம் யாரு எழுதி வச்சா" என்றார்.

ஆகவே தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு இந்தத் தாள் மூலமாக ஒரு வேண்டுகோள். இந்தச் சுவர் இதழுக்குக் கீழே ஆணி அடித்து நூறு பக்க நோட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட அனுமதி தர வேண்டும். நோட்டு நானே வாங்கித் தருகிறேன். வேம்பு முதல் பூ, புளி முதல் தளிர், முதல் குயில் சத்தம், இப்படி யார் எதை முதலில் பார்த்தாலும் தேதி போட்டுப் பெயர் எழுதட்டும். நானும் அண்ணனும் இந்தப் பள்ளியை விட்டுப் போய்விடுவோம். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் தொடர்ந்து எழுத வேண்டும், அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களும்.

அண்ணன் இதற்கு மறுப்பு எழுதினால், என் தாளைக் கிழித்துவிடாமல் பக்கத்திலேயே ஒட்டும்படி இதழ்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கீழே நான் வரைந்திருக்கும் மானுக்குக் கொம்பு இருக்கிறது, ஆனால் அது அம்மா மான்தான். யாரும் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி